கொடி நாள் வசூலும் கொடுத்தவர் அறியாத கணக்கும்

டிசம்பர் 7 வந்தால் அச்சரப்பாக்கத்து அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று முப்படைகளின் நிறத்தில் சின்னக் கொடிகள் கை மாறும். காசைக் கொடுத்துக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வதோடு சரி. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பவர் அரிது.

வெள்ளையர் காலத்தில் நவம்பர் 11-ல் பாப்பி மலர் விற்று முன்னாள் வீரர்களுக்குப் பணம் திரட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பின், 1949-ல், அந்த இடத்துக்குக் கொடி நாள் வந்தது. தனித்தனியே இருந்த சில நல நிதிகளை 1993-ல் ஒன்றாக்கி, படைவீரர் கொடி நாள் நிதி உருவாக்கப்பட்டது. பிரிட்டனில் ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற தொண்டு அமைப்பு இன்றும் பாப்பி விற்றுப் பணம் சேர்க்கிறது. இங்கே மாவட்டத்துக்கு ஓர் இலக்கு. அதை எட்டவைக்கும் பொறுப்பு ஆட்சியருக்கு. பெயர்தான் நன்கொடை. ஆனாலும், இலக்கு இல்லாவிட்டால் உண்டியலில் பாதிகூடத் தேறாது என்பதும் உண்மைதான்.

செலவுப் பக்கம் வேறு கதை. 15 ஆண்டு முடிக்காமல் வெளியே வந்த சிப்பாய்க்குப் பொதுவாக ஓய்வூதியம் கிடையாது. அப்படிப்பட்டவர் 65 வயது தாண்டி வறுமையில் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மத்திய உதவிக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் 4,000 ரூபாயாக இருந்த அந்த உதவியை 2025 அக்டோபரில் 8,000 ஆக்கினார்கள். மகள் திருமண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம் ஆனது. விலைவாசி போகிற போக்கில் இது தாமதமான உயர்வுதான். இந்தத் திட்டங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 257 கோடி ரூபாய் தேவை என்றது பாதுகாப்பு அமைச்சகம். அதைத் தாங்கப்போவது கொடி நாள் நிதி. ஒரு கையெழுத்தில் உதவி இரட்டிப்பாகலாம். உண்டியல் அப்படி இரட்டிப்பாகாது.

சம்பாதிக்க வைக்கும் வழியும் இருக்கிறது. 1986-ல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ என்ற நிறுவனம், முன்னாள் வீரர்களைக் காவலர்களாக அரசு நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அவர்கள் வாங்குவது உதவித்தொகை அல்ல, சம்பளம். உடம்பில் தெம்பு உள்ளவருக்கு அது போதும். ஓய்வூதியம் இல்லாத வீரரின் எழுபது வயதுக் கைம்பெண்ணுக்குக் கொடிப் பணத்தை விட்டால் வேறு நாதியில்லை.

ஆகவே வசூல் நிற்கக் கூடாது; கணக்குதான் ஊருக்கு வர வேண்டும். சென்ற ஆண்டு இந்த ஒன்றியத்தில் திரண்டது எவ்வளவு, இங்கே எத்தனை குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்று, யார் பெயரும் போடாமல், ஒன்றிய அலுவலகப் பலகையில் ஒட்ட ஒரு தாள் போதும். அடுத்த கொடி விற்பனைக்கு முன் ஒட்டினால் இன்னும் நல்லது.