கானாவும் மனோதர்மம்தான்!

மயிலாப்பூர் சபாவில் ஒரு பாடகர் அந்த நிமிடத்தில் தோன்றியதைக் கற்பனை செய்து பாடினால் அதற்குப் பெயர் மனோதர்மம். அதையே எங்கள் காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ ஒருத்தர் சாவு வீட்டில் செய்தால், "சும்மா அடிச்சு விடறாம்ப்பா" என்கிறார்கள். என்ன நியாயம் இது?

சாவு வீட்டுக் கானாவில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். மெட்டு பழசு, எல்லோருக்கும் தெரிந்தது. வரிகள் புதுசு. இறந்தவர் பெயர், பார்த்த வேலை, பெத்த பிள்ளைகள்... எல்லாவற்றையும் வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே மெட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எழுதி வைத்துப் பாட நேரம் ஏது?

இது ஒருத்தர் சாமர்த்தியம் மட்டும் இல்லைங்க. பாடகர் ஓர் அடி பாடியதும் கூட இருப்பவர்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். அடுத்த அடியை யோசிக்க அந்தச் சில நொடிதான் அவகாசம். வரவில்லையா? டோலக் வாசிப்பவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு இன்னொரு சுற்று வாசிப்பார். அந்த நேரம் பார்த்து அவர் தன் திறமையைக் காட்டக் கிளம்பினால் போச்சு, இறந்தவர் பெயர் யார் காதிலும் விழாது. பி.காம் பாஷையில் சொன்னால், ஒரு பக்கம் பற்று வைத்தால் மறுபக்கம் வரவு வைத்தே ஆக வேண்டும் :-)

தொண்ணூறுகளில் தேவா கானாவை சினிமாவுக்குக் கொண்டுபோனார். 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடியது பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியது. எல்லாம் பெருமைதான். ஆனால் பதிவான பாட்டு பதிவான பாட்டுதான், அதில் ஒரு வரி மாறாது.

பாடிப் பழகுகிற தம்பிகள் பலர் இப்போது போனில் டிராக்கைப் போட்டுவிட்டுப் பாடுகிறார்கள். டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. அதோடு பாடினால் குரல் பழகும், காது பழகாது. வாரத்தில் ஒரு நாளாவது அதை நிறுத்திவிட்டு டோலக் வாசிக்கிற ஒருத்தரோடு உட்காருங்கள். அவரைக் கேளுங்கள், அவரும் உங்களைக் கேட்கட்டும்.

நாளைக்கு நம்ம தெருவில் வலை பின்னுகிற ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தால், எந்த டிராக்கிலும் அவர் பெயர் இருக்காது.