மாதம் 1.2 லட்சமா, 8 ஆயிரமா? மாத்திரை விலையை முடிவு செய்வது யார்?

இனயத்தில் ஒரு வீட்டில் கேன்சர் என்று தெரிந்துவிட்டால், அடுத்த பேச்சு ‘ஆர்.சி.சி.க்குப் போகணும்’ என்பதுதான். கன்னியாகுமரி கடற்கரைக்காரர்களுக்கு சென்னையைவிட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ரொம்பப் பக்கம். பஸ் பிடித்துப் போய்விடலாம். அதற்குப் பிறகு வருகிற மருந்துச் செலவுதான் ஆளைச் சாய்க்கும். விசைப்படகுக்கு ஜூன், ஜூலையில் தடைக்காலம் உண்டு. மாத்திரைக்கு ஏது தடைக்காலம்?

சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோயைப் பாருங்க. இமாடினிப் மாத்திரையை தினமும், பல வருஷம் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் பெரும்பாலானோர் இயல்பாக வாழலாம். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ‘கிளிவெக்’ மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன.

இதைக் காப்பாற்றிய சண்டை தொடங்கியது நம்ம சென்னையில். பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, சிகிச்சைப் பலன் கூடினால் ஒழிய காப்புரிமை கிடையாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அதன்படி 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸ் மனுவை நிராகரித்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை தர மறுத்தது. இந்திய ஜெனரிக் மருந்தை நம்பியிருக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இது நிம்மதி.

சண்டை இல்லாமலும் ஒரு வழி உண்டு. ஐ.நா. ஆதரவுடன் 2010-ல் உருவான ‘மருந்துக் காப்புரிமைத் தொகுப்பு’ அமைப்பிடம் நிறுவனங்கள் தாமாக உரிமம் கொடுக்கும். ஜெனரிக் நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும். 2022-ல் அதே நோவார்ட்டிஸ், அதே சி.எம்.எல். நோய்க்கான நிலோடினிப் மருந்துக்கு உரிமம் கொடுத்தது. இப்படிக் கிடைத்த முதல் புற்றுநோய் மருந்து அதுதான்.

வரவேற்கலாம். ஆனா, பட்டியலில் எந்த நாடு இருக்கும் என்பது நிறுவனத்தின் கையெழுத்தைப் பொறுத்தது. அரசு கையில் கட்டாய உரிமம் என்ற கம்பு இருந்தால்தான் அந்தப் பேச்சு பேச்சாக இருக்கும். இந்தியா அதை ஒரே ஒரு தடவைதான் எடுத்தது: 2012-ல், சோராஃபெனிப் மருந்துக்கு. மாதம் 2.8 லட்சம் ரூபாய் 8,800 ஆனது!

2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தமோ, தாமாகத் தரும் உரிமமே சிறந்த வழி என்கிறது. நம் சட்டம் மாறவில்லை, உண்மைதான். ஆனால், அந்தக் கம்பை நாமே பரண்மேல் போடுகிறோமோ என்பது என் சந்தேகம்.

கிளிவெக்கை எதிர்த்து மனு போட்டவர்களில் புற்றுநோயாளிகளுக்கான ஒரு தொண்டு அமைப்பும் உண்டு. அன்று அந்த மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2024 மார்ச் விதித் திருத்தத்துக்குப் பிறகு, உண்டு.