வகுப்பறைக்குக் காது வேண்டாம்

சி.பி.எஸ்.இ. தலைவர் அவர்களுக்கு,



பள்ளியின் வாயில், தாழ்வாரம், வகுப்பறை, ஆய்வகம், நூலகம் என எங்கும் கண்காணிப்பு கேமரா பொருத்த வேண்டும், அவை பேச்சையும் சேர்த்துப் பதிய வேண்டும், பதிவை 15 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் வாரியம் உத்தரவிட்டது. நோக்கம் பிள்ளைகளின் பாதுகாப்புதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாயிலிலும் படிக்கட்டிலும் கேமரா இருக்கட்டும். வகுப்பறையிலும் நூலகத்திலும் ஒலிப்பதிவு மட்டும் வேண்டாம்.

இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் என்பதால், இரண்டு நாவல்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

ரஷ்யரான எவ்கேனி சம்யாத்தின் 1920-21இல் எழுதிய 'நாம்' நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். குடியிருப்புகளுக்குக் கண்ணாடிச் சுவர்கள். டி-503 என்ற பொறியாளன் அரசைப் புகழ்ந்து குறிப்பெழுதத் தொடங்குகிறான். எழுத எழுத அவனுக்குள் கனவும் காதலும் குழப்பமும் முளைக்கின்றன. அரசு அதை நோய் என்கிறது; அறுவை சிகிச்சை செய்து கற்பனையையே அகற்றிவிடுகிறது. பிறகு, தான் காதலித்தவள் வதைபடுவதை அவன் சலனமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்நாவல் சொந்த நாட்டில் வெளிவர 1988 வரை காத்திருக்க நேர்ந்தது.

1949இல் வெளியான ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'இல், சுவரில் இருக்கும் திரை பார்க்கும், கேட்கும். எந்த நேரத்தில் யார் கவனிக்கிறார்கள் என்று தெரியாததால், எப்போதும் கவனிக்கப்படுவதாகவே எண்ணி மக்கள் வாழப் பழகுகிறார்கள். பார்சன்ஸ் என்பவர் தூக்கத்தில் உளறியதை அவருடைய ஏழு வயது மகளே காட்டிக்கொடுக்கிறாள். ஒட்டுக்கேட்பதைக் கடமையாகக் கற்று வளர்ந்த குழந்தை அவள். அந்நாவலில் என்னை மிகவும் கலங்கடிப்பவள் அவள்தான்.

வகுப்பறையிலும் அப்படித்தான்: தன் பேச்சு பதிவாகிறது என்று அறிந்தவர் வாய் திறப்பதற்குள் தன்னையே தணிக்கை செய்துகொள்கிறார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது பெரும் இழப்பு. சாதி, கடவுள், அரசு பற்றி வீட்டில் கேட்க முடியாததை அது வகுப்பில்தான் கேட்கும். தப்பாகப் பேசும், தோழியோடு வாதாடும், மறுநாள் கருத்தை மாற்றிக்கொள்ளும். சொந்த எண்ணம் உருவாகும் வழி அதுதான். பதிவுக்கு அஞ்சினால் பத்திரமான விடையை மட்டும் சொல்லும். ஆசிரியரும் பாடநூலைத் தாண்டமாட்டார்.

ஆசிரியரே பிள்ளையை இழிவாகப் பேசினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பிள்ளை நம்பிப் பேசக்கூடிய ஆலோசகர் வேண்டும், தாமதமின்றி விசாரிக்கும் குழு வேண்டும். அத்தனை பிள்ளைகளின் அத்தனை பேச்சையும் சேர்த்துவைப்பது அதற்கு ஈடாகாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சீருடை அணிந்ததும் அந்த உரிமை பறிபோய்விடக் கூடாது.

எனவே உத்தரவைத் திருத்தி, வகுப்பறையிலும் நூலகத்திலும் ஒலிப்பதிவை நீக்குங்கள். காட்சிப் பதிவை யார், எக்காரணத்துக்காகப் பார்க்கலாம் என்று வரையறுத்து, பார்த்த ஒவ்வொரு முறையும் பெற்றோருக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். இவ்விரு நாவல்களையும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் படித்து, என் கருத்தையும் உங்கள் உத்தரவையும் சேர்த்தே அச்சமின்றி விவாதிக்க இடம் கொடுங்கள்.

மரியாதையுடன்,
ஓர் இலக்கிய ஆசிரியர்