ஓய்வு நேரப் பக்கம்: பாஸ் மீனுக்கு எந்தத் தூண்டில்?

வசந்தம் தொடங்கியதும் பிரிட்ஜ்வாட்டர்ப் பக்கத்து விளையாட்டுப் பொருட் கடைகளில் தூண்டிற் சாமான்கள் சுவர் நிறையத் தொங்கும். அவற்றைப் பார்த்து மலைத்து, ஒரு கிழமைச் சம்பளத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தவர்களும் நம்மிடையே உண்டு. அவ்வளவு தேவையில்லை என்பதே எமது எண்ணம். இங்கே எல்லோரும் தேடிப்போகும் பாஸ் மீனை வைத்தே பார்ப்போம். படகில்லாதவர்களுக்குக் கரை போதும்: டியூக் ஐலண்ட் பூங்காவை ஒட்டி ஓடும் றரிட்டன் ஆறு, பவுண்ட் புறூக் பக்கத்தில் டெலவெயர்-றரிட்டன் கால்வாய். இந்தக் கால்வாய் 1834இல் திறக்கப்பட்டது. அதைப் பெரும்பாலும் கையாலே வெட்டியவர்கள் ஐரிஷ் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

வன்னிக் குளங்களில் விரால் பிடித்தவர்களுக்கு பாஸ் மீனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இனம் வேறு, குணம் ஏறக்குறைய ஒன்று. பாசியின் கீழோ விழுந்த மரத்தின் நிழலிலோ பதுங்கிக் கிடந்து, கிட்ட வரும் சிறு மீனையும் தவளையையும் பாய்ந்து விழுங்கும். ஆகவே நடு ஆற்றுக்கு வீசி எறிந்து பயனில்லை. கரையோர மறைப்பை ஒட்டி எறிய வேண்டும்.

அதற்கு ஆறரை அடி நீளத்தில், நடுத்தர வலுவுள்ள ஒரு தடியும் ஒரு ஸ்பின்னிங் றீலும் போதும். தடிக்கு மேலே பூட்டும் பேற்காஸ்ரிங் றீலைக் கடைக்காரர் புகழ்ந்தாலும் முதல் வருடம் வாங்க வேண்டாம். பழகாத கையில் அது நூலைத் தூக்கணாங்குருவிக் கூடாக்கிவிடும்.

நூலில்தான் கவனம் வேண்டும். நாம் தங்கூசி என்று சொல்லும் நைலோன் நூலில் 8 அல்லது 10 இறாத்தல் தாங்குவதை வாங்குங்கள். கொஞ்சம் இழுபடும். மீன் திடீரென்று உதறும்போது அந்த இழுபடுதலே நூலைக் காப்பாற்றும். பின்னல் நூல் பலமானது, அடர்ந்த பாசிக்கு நல்லது, ஆனால் விலை கூட. நைலோன் வெயிலில் பட்டு நலிந்துபோகும், ஆதலால் வருடத்துக்கொரு முறை மாற்றுங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் சூடேறி அந்த இடத்திலேயே அறும். கழித்த நூலைக் கரையில் எறியாதீர்கள், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.

போலி இரைகளில் மூன்று போதும். முதலாவது, நாக்கிளிப்புழுப் போன்ற பிளாஸ்ரிக் புழு. தூண்டில் முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்து, முன்னால் ஒரு சிறு ஈயக்குண்டு கோத்து, அடியில் மெல்ல இழுப்பது டெக்சாஸ் முறை. முனை மறைந்திருப்பதால் பாசியில் எளிதில் சிக்காது. மழைக்குப் பின் ஆறு கலங்கியிருந்தால் தகடு சுழலும் ஸ்பின்னர்பெயிற் எறியுங்கள். கலங்கலில் கண் தெரியாவிட்டாலும் அதன் அதிர்வு மீனுக்குத் தெரியும். கோடையில் விடியற்புறமும் மாலையும் மேலே மிதக்கும் இரை. 1932 ஜூன் 2ஆம் திகதி ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி என்ற ஏழை விவசாயி ஒரேயொரு போலி இரையுடன் போய் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் பாஸ் பிடித்தார். அது உலக சாதனை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட்டும் விட்டார்! 2009இல்தான் ஜப்பானில் ஒருவர் அதற்கு ஈடாகப் பிடித்தார்.

நாம் பெரியைப் போல எல்லாவற்றையும் சட்டிக்குக் கொண்டுபோக முடியாது. நியூ ஜேர்சியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 15 வரை பிடிக்கும் பாஸை உடனே தண்ணீரில் விட வேண்டும். அப்போது ஆண் மீன் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கிறது. அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் வந்து கூட்டையே தின்றுவிடும். மற்றக் காலத்திலும் பொதுவாக 12 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்திருக்கக் கூடாது. சில நீர்நிலைகளுக்கு வேறு அளவு. ஆகவே விடப்போகும் மீனுக்கு ஏற்றபடி வாங்குங்கள்: மூன்று முனைத் தூண்டிலைவிட ஒற்றைத் தூண்டில் நல்லது. எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் வாய் கிழியாமல் கழற்றலாம்.

பிடித்ததைச் சமைக்குமுன் இன்னொன்று. பாஸ் மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் அதன் தசையில் பாதரசம் சேர்கிறது. கழுவியும் போகாது, புளி விட்டுக் காய்ச்சியும் போகாது. மாநில அரசு ஒவ்வோர் ஆற்றுக்கும் எவ்வளவு சாப்பிடலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதில் அளவு மிகக் குறைவு. பிரிட்ஜ்வாட்டரில் றரிட்டன் கரையிலேயே இருந்த அமெரிக்கன் சயனமிட் இரசாயன ஆலையின் நிலம் 1983 முதல் மத்திய அரசின் நச்சு நிலப் பட்டியலில் உள்ளது என்பதையும் மறக்க வேண்டாம்.

16 வயது முதல் 69 வரை அனுமதிப்பத்திரம் கட்டாயம். மாநிலத்தில் ஆறு மாதம் வசித்திருந்தால்தான் உள்ளூர்க்காரர் கட்டணம், புதிதாக வந்தவர்கள் கூடுதலாகக் கட்ட நேரும். ட்ரவுட் மீனை வைத்திருக்கத் தனி முத்திரை வேண்டும். டெலவெயர் பக்கம் நுழைந்துள்ள சீன விரால் அகப்பட்டால் உயிரோடு திரும்ப விடக்கூடாது, உயிரோடு கொண்டுபோகவும் கூடாது. 70 வயதான உள்ளூர்வாசிக்கு அனுமதிப்பத்திரக் கட்டணம் இல்லை. வீட்டில் தொலைக்காட்சி முன் இருக்கும் அம்மப்பாவுக்கு இன்னொரு தடி வாங்குங்கள், எங்கே எறிவது என்று அவரே சொல்லித்தருவார்.