ஓட்டுப்பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறது?

ஓட்டா, புரட்சியா? தோழர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் போடுகிற சண்டை. சீர்திருத்தமே போதும் என்றார் பெர்ன்ஸ்டைன். சீர்திருத்தம் வழிதான், இலக்கு புரட்சி என்று 1899-ல் மறுத்தார் ரோசா லுக்சம்பர்க். நாடாளுமன்றப் பக்கமே போகமாட்டோம் என்றவர்களை 1920-ல் லெனின் கண்டித்தார். இங்கே நக்சல்பாரிக்குப் பிறகு ‘தேர்தல் பாதை திருடர் பாதை’ என்று சுவரெழுத்து. அடுத்த சுவரில் கூட்டணிச் சின்னம். இரண்டு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. ஓட்டுப்பெட்டி எந்தத் தெருவுல இருக்கு?

ராஜபாளையம் பல காலம் தனித்தொகுதி. 2008 மறுசீரமைப்புக்குப் பின், 2011 தேர்தலில் அது பொதுவாச்சு. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் தனியாச்சு. பலகை மாறியது. காலனிக்கு என்ன மாறுச்சு? தனியான முதல் தேர்தலிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயித்தது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, அதிமுக கூட்டணியில். ஜெயித்தவரை நான் குறை சொல்லவில்லை. பொறியைத்தான் சொல்கிறேன். தனித்தொகுதியில் நிற்பவர் தலித். அவரைத் தேர்ந்தெடுக்கும் பெரும்பான்மை தலித் அல்லாதவர். ஊர் முகம் சுளித்தால் அவர் தோற்பார். சேரி முழுக்க அழுதாலும் அவர் தோற்கமாட்டார். 1932 செப்டம்பர் 24 அன்று பூனாவில் பூட்டிய பூட்டு இது.

அம்பேத்கர் அந்தப் பூட்டை மறக்கவில்லை. 1947-ல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் தனி வாக்காளர் தொகுதியை மறுபடி கேட்டார். அதே அறிக்கையில் நிலமும் மூலத்தொழில்களும் அரசுடைமையாகணும் என்றும் கேட்டார். ஓட்டு வேற, நிலம் வேற என்று அவர் பிரிக்கவில்லை. நம்ம தோழர்கள்தான் நிலத்தைப் புரட்சி என்றார்கள், ஓட்டைச் சீர்திருத்தம் என்றார்கள், சாதியை மேல்கட்டுமானம் என்று மச்சில் தூக்கி வைத்தார்கள்.

இது வெறும் சீர்திருத்தம் என்று சொல்கிற தோழரே, ஒன்று கேட்கிறேன். 1996 ஊராட்சித் தேர்தலில் மேலவளவு தனி ஊராட்சி. முருகேசன் யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. துப்பாக்கி தூக்கவில்லை. சட்டப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம்ம விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல்: இந்த நாலு ஊரிலும் 2006 வரை, பத்து வருஷம், ஒரு தலித் தலைவர் நிலையாக உட்கார முடியவில்லை. அந்த நாற்காலி எவ்வளவு பெரிய புரட்சி என்று ஆதிக்கச் சாதிக்காரனுக்குத் தெரிந்தது. தத்துவம் படித்த உங்களுக்குத் தெரியவில்லையே!

நாற்காலி போதும் என்று நான் சொல்லவில்லை. நிலமில்லாத தலைவர், பண்ணையாரிடம் கூலிக்குப் போகிற தலைவர், கையெழுத்து மட்டும்தான் போடுவார். ஆனால் புரட்சியும் ஏதோ ஒரு தெருவில்தான் இறங்கணும். ராஜபாளையத்து மில் கேட்டில் எல்லாருக்கும் ஒரே கொடி. ஷிப்டு முடிஞ்சு சைக்கிளை மிதிச்சா தெரு வேற, சுடுகாடு வேற. இதை அப்படியே வைத்துக்கொண்டு நாளைக்குப் புரட்சி வந்தால், புரட்சிக் கமிட்டியில் யார் உட்காருவார், யார் ஜமுக்காளம் விரிப்பார்?

இடதுசாரிகளுக்கு இது தெரியாது என்றும் சொல்லமாட்டேன். உத்தப்புரம் சுவரை எதிர்த்து மார்க்சிஸ்டுகள் போராடினார்கள். 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதி இடிந்தது. ஓட்டா புரட்சியா என்று யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை. சுவர் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள்.

தேர்தலிலும் அதைச் செய்யுங்கள். ராஜபாளையம் இப்போ பொதுத்தொகுதி. பொதுன்னா எல்லாருக்கும்தானே? அங்கே ஒரு தலித் தோழரை நிறுத்துங்க. ஊர்த்தெருவுக்குள்ள கூட்டிட்டுப் போய், சொந்தச் சாதி ஓட்டை அவருக்காகக் கேளுங்க. தோத்தாலும் பரவாயில்லை. எத்தனை தோழர்கள் கூட நடந்து வர்றாங்கன்னு எண்ணுங்க. புரட்சிக்கு எத்தனை பேர் தேறுவாங்கன்னு அந்தக் கணக்கு சொல்லிரும்.