யுகலேலே கிளப்பும் சில சபா செக்ரட்டரிகளும்

மக்களே, இந்தப் பதிவுல காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். படிச்சிட்டு ஆட்டோ அனுப்பணும்னு தோணினா தாராளமா அனுப்புங்க. ஆனா இங்கிலாந்து வரைக்கும் வரணும், மீட்டர் காசு உங்களோடது :-)

போன மாசம் நம்ம ஊர் நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். சோஃபாவுல கிடந்த என் யுகலேலேவைப் பார்த்துட்டு, "என்ன பாஸ், எந்தக் குழந்தைக்கு வாங்கின கிடார் இது?"ன்னார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்கிறது வேற விஷயம். "என்னோடதுதான் பாஸ், செவ்வாய்க்கிழமை கிளப்ல வாசிக்கிறோம்"னு சொன்னேன். உடனே ஆரம்பிச்சுட்டார்.

"யார்கிட்ட கத்துக்கிறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"எத்தனாவது கிரேடு?"

"கிரேடே கிடையாது."

"அப்ப ப்ரோக்ராம் எப்போ?"

"அதுவும் கிடையாது."

டெஸ்ட் பண்ணாத கோடை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல ஏத்தினவனைப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை பார்த்தார். "அப்புறம் எதுக்கு பாஸ் இதெல்லாம்?"

அந்த "எதுக்கு"ங்கிற கேள்விக்கு பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. அவரைத் திட்டறதுக்கு மட்டும் இல்ல. ஒரு காலத்துல அதே கேள்வியை இன்னும் மோசமா கேட்டவன் நான். அதைக் கடைசியில ஒத்துக்கறேன்.

முதல்ல வாத்தியத்தைப் பத்தி நாலு வரி. நாலே கம்பி. சொப்ரானோங்கிற அடிப்படை சைஸ் சுமார் 21 இன்ச்தான். நைலான் மாதிரி கம்பி, அதனால கிடார் மாதிரி விரலை அறுக்காது. ஹவாய் வாத்தியம்னு பேரு, பூர்வீகம் போர்ச்சுகல். 1879-ல் மதேய்ரா தீவுலேர்ந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டுக்கிட்டு 'ரேவன்ஸ்கிராக்'ங்கிற கப்பல்ல ஒரு கூட்டம் ஹொனலூலூவுல வந்து இறங்குச்சு. அவங்க ஊர்க் குட்டி வாத்தியத்தை வெச்சு, அதே கப்பல்ல வந்த மூணு தச்சர்கள் (மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சாண்டோ) அங்க செய்ய ஆரம்பிச்சதுதான் யுகலேலே. ராஜா கலாகவாவுக்குப் பிடிச்சுப் போய் அரண்மனைக்குள்ள போச்சு. கப்பல், ஒப்பந்தக் கூலி, கரும்புத் தோட்டம்னா நமக்கும் ஒரு சொந்தக் கதை இருக்கு, உங்களுக்கே தெரியும். இது சபா மேடைக்குன்னு பொறந்த வாத்தியம் இல்ல. உடம்பு நோக வேலை செஞ்சவங்க ராத்திரி உக்காந்து வாசிச்சது.

இங்கிலாந்துல நிறைய ஊர்கள்ல இதுக்குன்னு கிளப் இருக்கு. பெரும்பாலும் பப்போட பின்பக்க ரூம். கூட்டம் இல்லாத ஒரு வாரநாள் ராத்திரி பதினஞ்சு இருபது பேர் உக்காருவாங்க. திரையில பாட்டு வரி, அதுக்கு மேல கார்டு பேரு. எல்லாரும் சேர்ந்து வாசிச்சுக்கிட்டே பாடணும், அவ்வளவுதான்.

2022-ல் நான் ஆன்சைட் வந்த புதுசு. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு ரூமுக்கு வந்தா பேசறதுக்கு சுவர் மட்டும்தான். ஒரு செவ்வாய்க்கிழமை குளிருக்கு ஒதுங்கின பப்ல இந்தக் கோஷ்டி பாடிக்கிட்டு இருந்தது. வேடிக்கை பார்த்தவன் கையில ஒருத்தர் ஒரு யுகலேலேவைத் திணிச்சார். கடைசிக் கம்பியில மூணாவது கட்டத்துல என் விரலை வெச்சு, இதுதான் சி கார்டுன்னார். ஒரே விரல்! அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் பாடினேன்.

பாடினேன்ங்கிறது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிய, கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழாவுல குழுப்பாட்டு. ஒத்திகையில எங்க பாட்டு மிஸ் என்னை மட்டும் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைடா, சத்தம் வெளிய வரக்கூடாது"ன்னாங்க. வாயை அசைச்சேன். அந்த போட்டோ இன்னும் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு. அதுல நான் பிரமாதமா பாடுற மாதிரிதான் இருக்கும். அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம், பாத்ரூமைத் தவிர எங்கேயும் நான் வாயைத் திறக்கல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அந்த கிளப்புக்கு ஒரு கோடைத் திருவிழாவுல வாசிக்கக் கூப்பிட்டாங்க. நல்லா போச்சு. இன்னும் ரெண்டு இடத்துல கூப்பிட்டாங்க. உடனே ஒரு கமிட்டி, கமிட்டியில ஒருத்தர் வாயிலேர்ந்து "தரம்"ங்கிற வார்த்தை. யார் மேடை ஏறலாம், யார் ஏறக்கூடாதுன்னு முடிவு பண்ண ஒரு முறை வேணும்னாங்க. பொட்டி தட்டுறவன் ஒருத்தன் கிளப்ல இருக்கானே, அவன்கிட்ட கொடுங்கன்னு என்கிட்ட கொடுத்தாங்க.

ஆமா மக்களே, அந்த எக்ஸெல் ஷீட்டைப் போட்டது நான்தான். ஒரு ஆளுக்கு ஒரு வரி. தெரிஞ்ச கார்டு, கார்டு மாத்துற வேகம், தாளம், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு எத்தனைன்னு மார்க். கம்மின்னா சிவப்பு, நடுவுலன்னா மஞ்சள், பாஸ்னா பச்சை. கலர் எல்லாம் தானா மாறும். ரொம்பப் பெருமையா எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன்.

அதுல முழுக்கச் சிவப்பா இருந்த ஒரு வரி, 71 வயசு அம்மா ஒருத்தரோடது. பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. விரல்ல மூட்டுவாதம், சி தவிர வேற கார்டு பிடிக்க வராது. பாட்டுல சி வர்ற இடத்துல மட்டும் தட்டுவாங்க. மத்த இடத்துல கையைத் தூக்கிட்டு, கூட்டத்துலயே சத்தமா பாடுவாங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை அவங்க வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டுல பார்த்துக் கேட்டப்போ, "வீட்டுல கொஞ்சம் பயிற்சி பண்ணிட்டு வர்றேன்"னு சிரிச்சாங்க. பயிற்சி பண்ணா மூட்டுவாதம் போயிடுமா? தயிர் பாக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன். பாட்டு மிஸ் வாயால சொன்னதை நான் கலர் போட்டுச் சொல்லியிருக்கேன்.

அடுத்த ஆறு மாசத்துல 22 பேர் வந்த இடத்துல 9 பேர் மிச்சம். அந்த ஒன்பது பேரும் அருமையா வாசிக்கிறாங்க, பொய் சொல்லக்கூடாது. ஆனா அதுக்குப் பேரு கிளப் இல்ல. இசைக்குழு.

என் வாதம் இதுதான். பாட்டுக்கு நம்ம ஊர்ல ரெண்டு இடம் உண்டு. ஒண்ணு சபா. அங்க பாடத் தெரிஞ்சவர் பாடுவார், நாம கேக்கணும். இன்னொண்ணு பஜனைக் கோஷ்டி. எங்க தாத்தா ஊர்ல மார்கழி மாசம் விடிகாலையில தெருவுல போவாங்க. ஜால்ரா தட்டுறவருக்கு தாளம் நிக்காது, பின்னாடி வர்ற பொடிசுங்க அடுத்த அடியை முன்னாடியே பாடிடும். யாரும் யாரையும் நிறுத்த மாட்டாங்க. ரெண்டுமே வேணும். ஆனா பஜனையில போய் ஆடிஷன் வெச்சா பஜனையும் போச்சு, அது சபாவாவும் ஆகாது. யுகலேலே கிளப் பஜனைக் கோஷ்டி.

(பஜனையில மட்டும் எல்லாத் தெருக்காரங்களையும் சேர்த்துக்கிட்டாங்களான்னு பின்னூட்டத்துல கேப்பீங்க. நியாயமான கேள்வி, சேர்த்துக்கல. வாசல்ல ஆளை நிறுத்துறது தப்புன்னு சொல்றப்போ அந்த வாசலையும் சேர்த்தேதான் சொல்றேன்.)

இனி வழக்கமா வர்ற எதிர்வாதங்கள்.

"தரம் வேண்டாமா?" மேடை ஏறினா கண்டிப்பா வேணும். காசு கொடுத்து கேக்க வர்றவங்களை ஏமாத்தக்கூடாது. அதுக்குத் தனியா ஒரு குழு வெச்சுக்குங்க, தனி நாள்ல ஒத்திகை பாருங்க. செவ்வாய்க்கிழமையில கை வைக்காதீங்க. 1985-லேர்ந்து வாசிக்கிற கிரேட் பிரிட்டன் யுகலேலே ஆர்க்கெஸ்ட்ராவை விடப் பெரிய யுகலேலே குழு இந்த நாட்டுல இல்ல. 2009-ல் அவங்க ராயல் ஆல்பர்ட் ஹால்ல பிபிசி ப்ராம்ஸ்ல வாசிச்சப்போ, ரசிகர்களையும் யுகலேலே எடுத்துட்டு வரச் சொல்லி, நூத்துக்கணக்கான பேரை பீத்தோவன் மெட்டைக் கூடவே வாசிக்க வெச்சாங்க. அவங்களுக்கே தரம் கெடலையாம், பப்போட பின்பக்க ரூம்ல கெட்டுடுமாம்!

"நல்லா வாசிக்கிறவன் போரடிச்சு ஓடிடுவான்." ஓட வேண்டாம். ஒரே பாட்டுல புதுசா வந்தவர் ஒரு கார்டு வாசிக்கலாம், பழகினவர் நாலும் வாசிக்கலாம், கெட்டிக்காரர் மெட்டையே தனித்தனி கம்பியில மீட்டலாம். அதுக்கும் மேல திறமை இருந்தா பக்கத்துல இருக்கிறவருக்குச் சொல்லிக் கொடுக்கலாமே. அது போரடிச்சா, அவருக்கு வேண்டியது கூட்டம் இல்ல, கைத்தட்டல்.

"கத்துக்கிட்டு வரட்டுமே." இதுதான் எல்லாத்துலயும் கொடுமை. கேக்க மரியாதையா இருக்கும், ஆனா போனவங்க திரும்பி வர மாட்டாங்க. நான் பதினஞ்சு வருஷம் வரல. அதுவும் இந்த வாத்தியத்துக்கு அந்த நிபந்தனை தேவையே இல்ல. வயலின்ல விரல் ஒரு நூல் தள்ளிப் போனா அபஸ்வரம். இதுல கட்டம் இருக்கு, சுருதியை அது பார்த்துக்கும். உடம்பு சின்னது, நாதம் சட்டுனு அடங்கிடும். இருபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருத்தர் பண்ற தப்பு, பக்கத்துல இருக்கிறவருக்குக் கேக்கறதுக்குள்ள செத்துப் போயிடும்.

இப்ப நம்ம நண்பருக்கு வர்றேன். பாஸ், நம்ம சங்கத்து பொங்கல் விழாவை நினைச்சுப் பாருங்க. குழந்தைங்க கீபோர்டு வாசிக்கும், ஆடும், பாடும். அப்பா அம்மா எல்லாம் போனைத் தூக்கி வீடியோ எடுப்போம். "எனக்கு சங்கீத ஞானம் எல்லாம் இல்லீங்க, பையன் கத்துக்கிறான்". அந்தப் பையனும் எட்டாவது கிரேடு முடிச்சு, பொட்டி தட்டப் போய், முப்பது வயசுல அவன் பிள்ளையை வீடியோ எடுப்பான். இதுல யாரு பாஸ் எப்பதான் பாடறது?

திட்டிட்டு மட்டும் போனா மொக்கைன்னு சொல்வீங்க. இந்த வருஷம் நாங்க அஞ்சு பேர் சேர்ந்து வேற பப்ல புதுசா ஒரு கிளப் ஆரம்பிச்சோம். எங்க விதிகள்:

1. நாளை மாத்தக்கூடாது. ஒவ்வொரு செவ்வாயும், ரெண்டு பேர் வந்தாலும் நடக்கும்.

2. உபரியா நாலு யுகலேலே எப்பவும் ரூம்ல இருக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர் வெறுங்கையோட உக்காரக்கூடாது.

3. முதல் பத்து நிமிஷம் சுருதி சேர்க்க மட்டும். ஜி, சி, ஈ, ஏ. தலையில மாட்டுற ட்யூனர் ரெண்டு வெச்சிருக்கோம். தப்பா வாசிச்சா யாருக்கும் கேக்காது, சுருதி சேராம வாசிச்சா எல்லாருக்கும் கேக்கும்.

4. முதல் பத்து பாட்டு சி, எஃப், ஜி, ஏ மைனரைத் தாண்டாது. வேகம், ரூம்லயே மெதுவா வாசிக்கிறவரோட வேகம்.

5. மைக் கிடையாது. 2012-ல் வந்த நேரடி இசைச் சட்டப்படி, இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் காலை 8 மணிலேர்ந்து ராத்திரி 11 மணி வரைக்கும் ஒலிபெருக்கி இல்லாம வாசிக்கிறதுக்குக் கேளிக்கை லைசென்ஸ் வேண்டாம். (பாட்டு உரிமைக் கட்டணம் வேற கணக்கு, அதை பப்காரர்கிட்ட கேட்டுக்கணும்.)

6. சந்தா கிடையாது. ஒரு தொப்பி சுத்தி வரும், முடிஞ்சவங்க போடலாம்.

7. எக்ஸெல் ஷீட் கிடையாது. ஹி ஹி.

ரெண்டாவது மாசம் அந்த பஸ் டிரைவர் அம்மா வீட்டுக்கே போய் மன்னிப்பு கேட்டேன். டீ கொடுத்தாங்க, ஒண்ணும் சொல்லல. ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. அன்னிக்கு எங்ககிட்ட இருந்த பாட்டெல்லாம் ஜி ஸ்கேல்ல இருந்தது, சி எப்பவாவது ஒரு தடவைதான் வரும். அவங்க கையைத் தூக்கிட்டு உக்காந்திருந்ததைப் பார்த்துட்டு, அன்னிக்கு ராத்திரியே எல்லாப் பாட்டையும் சி ஸ்கேலுக்கு மாத்தினேன். கார்டு பேரை மாத்துறதுக்கு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட், இருபது வரி. நான் எழுதின கோடுலேயே உருப்படியானது அதுதான்னு நினைக்கிறேன்.

இப்ப அவங்களுக்கு ஒவ்வொரு பாட்டுலயும் நிறைய வேலை இருக்கு.

டிஸ்கி: நண்பர் இந்தப் பதிவைப் படிப்பார்னு தெரியும். பாஸ், கோபப்படாம வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க. நாலு யுகலேலேல ஒண்ணு சும்மாதான் இருக்கு. எந்த கிரேடுன்னு யாரும் கேக்க மாட்டாங்க :-)