ஹாம் ரேடியோ நமக்கும் உரியதே

பொழுதுபோக்கு யாது என்று கேட்டால் தபால் தலை, பூவேலை, தோட்டம் என்றே நாம் எழுதுகிறோம். 'ஹாம் ரேடியோ' எனப்படும் அமெச்சூர் வானொலியையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று கருதும் பெற்றோர், 2004 டிசம்பரில் அந்தமானில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

அம்மாதத் தொடக்கத்தில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு சிறு குழு போர்ட் பிளேர் சென்றது. பல ஆண்டுகளாக அத்தீவுகளிலிருந்து அமெச்சூர் குரல் எதுவும் கேட்காததால், உலகெங்கும் உள்ள அமெச்சூர்கள் அவர்களோடு பேச ஆவலாயிருந்தனர். டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் அடங்கின. முந்தைய நாள்வரை உற்சாகமாக ஒலித்த அதே கருவி, பிழைத்தவர்களைப் பற்றிய செய்தியை உறவினருக்குக் கொண்டு செல்லத் தொடங்கியது. குழுவினர் சிலர் கருவியோடு கார் நிக்கோபாருக்கும் போனார்கள். பொழுதுபோக்காகப் பழகியதுதான் அன்று கைகொடுத்தது.

இவ்வானொலியில் வாயாலும் பேசலாம். ஆயினும் மோர்ஸ் தந்தி முறையைக் கற்றால்தான் முழு இன்பம் என்பேன். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'இ' எழுத்துக்கு ஒரே புள்ளி. அரிதாக வரும் 'க்யூ'வுக்குக் கோடு, கோடு, புள்ளி, கோடு. எத்தனை சிக்கனம் பாருங்கள்! இதைக் கண்ணால் மனப்பாடம் செய்வது வீண். 'ஏ' என்றால் 'டிடா', 'என்' என்றால் 'டாடிட்' என்று காதால் பழக வேண்டும். தாளம் அறிந்த தோழியருக்கு இது எளிதாக வரும். குரலுக்கு வேண்டிய அலைவரிசை இடத்தில் மிகச் சிறு பங்கே மோர்ஸுக்குப் போதும். அதனால் குரல் புரியாத இரைச்சலிலும் இந்த 'டிட் டா' காதில் விழும்.

கைப்பேசிக் காலத்தில் இது எதற்கு என்பார்கள். நம் நாட்டுத் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. அமெச்சூர்களுக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதியும் 2003-ல் தளர்ந்துவிட்டது. உண்மைதான். ஆனால் கோபுரமும் கம்பியும் சாய்ந்தால் கைப்பேசி ஊமையாகும். இங்கோ ஒரு பேட்டரியும் ஒரு நீளக் கம்பியும் இருந்தால் கடல் கடந்து பேசலாம்.

துறவியருக்கும் இது அந்நியமன்று. காட்மாண்டு அருகே 1951-ல் பள்ளி தொடங்கிய இயேசு சபைக் குரு மார்ஷல் மோரன், நெடுங்காலம் நேபாளத்தின் ஒரே அமெச்சூராக விளங்கினார்.

12 வயது நிறைந்தவர்கள் மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெறலாம். நம் மொட்டை மாடியில் ஒரு ஆண்டெனாக் கம்பி கட்டத் தாராளமாக இடமுண்டு. நம் சிஸ்டர்கள் மனம் வைக்க வேண்டும், அவர்களும் சேரலாம். அமெச்சூர் வழக்கில் பெண்கள் எவ்வயதினரானாலும் 'யங் லேடி' என்றே அழைக்கப்படுவர்!